இரண்டு ஊரில் பக்கிரி

தங்கை ஜெயா பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறிப் போய் கம்ப்யூட்டர் படித்தவள் என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் கமலவேணி சொல்லி வைத்திருந்தாள். தான் ஐந்தாவதோடு நின்றதைப் பற்றி அவளுக்குப் பேச்சே கிடையாது.

எண்பத்தேழாம் வருஷம் ஒரு கரும்பாலையில் ஜெயாவுக்குத் தற்காலிக வேலை கிடைத்தது. வாராவாரம் வெட்ட வேண்டிய கரும்புக்குப் பட்டியல் அச்சடிக்க வேண்டும். ஊர்ப் பெயர், அதன் கீழே விவசாயி, அவருக்குக் கீழே அவருடைய வயல்கள். முதல் பட்டியலோடு மேஸ்திரி பலராமன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு அபிஷேகப்பாக்கம் போனார். பட்டியலில் அந்த ஊரின் கீழே பக்கிரி என்ற விவசாயிக்கு நான்கு வயல்கள். ஆனால் அங்கே அவருடைய வீடும் ஒரு வயலும்தான் இருந்தன. மற்ற மூன்று வயல்களின் கரும்பு உறுவையாறு என்ற வேறொரு ஊரில் நின்றது. அரை நாள் வீண்.

"திங்கக்கெழமையும் இப்படி வந்தா, பழையபடி கையால எழுதிக்கிறோம். நீ வூட்டுக்குப் போகலாம்மா" என்றார் மேனேஜர்.

சனிக்கிழமை சாயங்காலம், பட்டியல் அச்சடித்திருந்த, ஓரமெல்லாம் ஓட்டை போட்ட நீளக் காகிதத்தை ஜெயா கூடத்தில் விரித்தாள். அரிசியில் கல் பார்ப்பதுபோல் கமலவேணி வரிவரியாகப் பார்த்தாள்.

"எல்லாம் சரியாத்தான்டி இருக்குது. பக்கிரி பேரு ஒரு தடவதான் வருது. இன்னா தப்பு?"

"அதான்க்கா தப்பு. அபிஷேகப்பாக்கத்துப் பக்கிரின்னுதானே எல்லாரும் சொல்றோம்? நானும் ஆள வெச்சே ஊரப் பிரிச்சுட்டேன். வயலு எங்க இருக்குதுன்னு பிரிச்சுட்டு, அதுக்குள்ளதான் ஆளத் தேடணும்."

"அப்ப அவரு ரெண்டு ஊர்ல வருவாரே. ஓட்டு லிஸ்ட்ல அப்படி வந்தா அடிச்சுடுவாங்கடி."

"வெட்டப் போறது வயல. அவர இல்ல."

கமலவேணி சிரிக்கவில்லை. ஒரு பெயர் இரண்டு முறை வருவது அவளுக்கு உறுத்தியது. ஏதாவது விட்டுப்போனால்? பழைய பட்டியலை விரல் வைத்து இரண்டு தரம் எண்ணினாள். நாற்பது ஆள், அறுபத்து மூன்று வயல். துண்டுச் சீட்டில் எழுதி ஜெயாவின் பையில் போட்டாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் ஆலைக்குப் போன ஜெயா, கம்ப்யூட்டர் புரோகிராமில் இரண்டு வரிகளை இடம் மாற்றி மறுபடி அச்சடித்தாள். பெயர்கள் நாற்பத்தேழாகியிருந்தன. வயல்கள் அக்காவின் சீட்டில் இருந்த அதே அறுபத்து மூன்று.

"இன்னாம்மா, பக்கிரி ரெண்டு ஊர்ல குடித்தனம் பண்றாரா?" என்றார் பலராமன்.

"கரும்பு பண்றாரு, மேஸ்திரி."

வண்டி நேரே உறுவையாற்றுக்குப் போனது. மதியத்துக்குள் முதல் லோடு வந்து சேர்ந்தது. மேனேஜர் அடுத்த வாரத்துப் பட்டியலுக்கான வயல் விவர அட்டைகளைக் கொண்டுவந்து ஜெயாவின் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.