அரிசி மூட்டையும் சிவப்பு விளக்கும்

நாங்கள் பிழைக்க வந்த பனி நாட்டில், அஜின்கோர்ட் என்ற பகுதியில் இருந்த எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் கல்யாணசுந்தரம் குடியிருந்தார். திருச்சிக்காரர், மின்சாரப் பொறியியலாளர். எதையும் படம் வரைந்து பார்க்காமல் நம்பமாட்டார். அவர் வீட்டு டோஸ்டருக்குக்கூட வரைபடம் உண்டு. டோஸ்ட்தான் ஒழுங்காகக் கிடைக்காது. நான் பரஞ்சோதி, யாழ்ப்பாணத்தான், அடுத்த வீட்டுக்காரன். அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அண்ணை கார் பழுதுபார்க்கும்போதெல்லாம் டோர்ச் பிடிப்பது என் தலையில் எழுதியிருந்தது.

கார் பத்து வயது தாண்டிய, கட்டில் போல அகலமான பழசு. பின்சக்கரங்கள் பனியில் வழுக்காமல் இருக்க டிக்கியில் மணல் மூட்டை போடுவது இந்த ஊர் வழக்கம். அண்ணை போடுவது அரிசி மூட்டை. "மணலா இருந்தா ஏப்ரல்ல கொட்டணும். இதைச் சாப்பிடலாமே" என்பார். ஆகவே குளிர்காலம் முழுவதும் அவர்கள் வீட்டு அரிசி கார் நிற்கும் இடத்தில் இருந்தது. உலை வைக்கும் நேரம் வந்தால் அண்ணை தொப்பியும் கையுறையும் மாட்டி, வாளியோடு இறங்கிப் போவார். முன்பின் தெரியாத வெள்ளைக்காரர் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார் என்று எனக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

எழுபதுகளின் நடுவில் ஒரு மார்கழியில் அவர் மனைவி வேதவல்லிக்கு நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒஷாவாவில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை கிடைத்தது. வேதியியல் படித்துவிட்டு ஏழெட்டு வருடம் வீட்டில் இருந்தவர். அந்த இலையுதிர்காலத்தில்தான் முதல் தடவையிலேயே லைசென்ஸ் எடுத்திருந்தார். அண்ணைக்கு மூன்று தடவை எடுத்தது, அதைப் பற்றி அந்த வீட்டில் பேசுவதில்லை. ஒஷாவாவுக்குக் கார் இல்லாமல் போய்வர வழியில்லை. பொங்கல் கழிந்த திங்கட்கிழமை சேராவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

அந்த நேரம் பார்த்துத்தான் பெற்றோல் தீரப்போகிறது என்று எச்சரிக்கும் சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியது. தாங்கி நிரம்பி வழிந்தாலும் எரிந்தது.

"இது சரியாகாம நீ ஹைவேல போகக் கூடாது" என்றார் அண்ணை.

"தினமும் ரொப்பிட்டுப் போறேனே" என்றார் வேதவல்லி.

"எரியற விளக்கை மதிக்காம ஓட்டறது கெட்ட பழக்கம்."

அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆராய்ச்சி நடந்தது. பல்பை மாற்றினார். ஃபியூஸை மாற்றினார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த பலகையைக் கழற்றிப் பூட்டினார், இரண்டு திருகாணி மிஞ்சியது.

"அண்ணை, பல்பைக் கழட்டி எறியுங்கோவன். பிறகு எப்பிடி எரியும்?" என்றேன்.

"காய்ச்சல் அடிச்சா தெர்மாமீட்டரை ஒடைப்பீங்களா சார்?" என்றார். நான் மறுபடி டோர்ச்சைப் பிடித்தேன்.

பொங்கல் சனிக்கிழமை வந்தது. அண்ணை கார் புத்தகம் ஒன்று எடுக்க நூலகத்துக்கு நடந்து போயிருந்தார். பொங்கலுக்கு இருபது பேர் வருவதால் வாளிக் கணக்கு சரிவராது, மூட்டையையே தூக்கி வரலாம் என்று வேதவல்லி என்னைக் கூப்பிட்டார். என்ஜின் குளிரில் விறைத்துப் போகாமல் இருக்க அவர் காரை ஸ்டார்ட் செய்துவிட்டு உள்ளே இருந்தார். நான் டிக்கியைத் திறந்து மூட்டையைத் தூக்கினேன்.

"அண்ணா, விளக்கு அணைஞ்சு போச்சு."

மூட்டையை வைத்தேன், எரிந்தது. தூக்கினேன், அணைந்தது. மூட்டையைத் தரையில் இறக்கிவிட்டு விரிப்பை விலக்கினேன். தாங்கியிலிருந்து வரும் வயர் ஓரிடத்தில் தோல் உரிந்து கிடந்தது. அரிசியின் பாரம் அதைத் தகரத்தோடு அழுத்தியதால்தான் இத்தனை பாடும். ஆனால் உரிந்த இடத்தைச் சுற்றித் தகரத்தில் சிவப்புப் பென்சிலால் அழகாக ஒரு வட்டம் போட்டிருந்தது. பழுதுக்கு வட்டம் போடுகிற ஆள் எங்கள் கட்டடத்தில் ஒருவர்தான்.

"தங்கச்சி, இதை ஒருக்கால் வந்து பாருங்கோ" என்றேன்.

அவர் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே அண்ணை புத்தகத்தோடு வந்து சேர்ந்தார். திறந்த டிக்கியைக் கண்டதும் நடை நின்றுவிட்டது.

"எப்ப கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார் வேதவல்லி.

"கிறிஸ்மஸுக்கு முன்னாடி."

"நான் ஹைவேல ஓட்டறது பயமா இருக்குன்னு சொல்ல வேண்டியதுதானே. பாவம், கார் மேல எதுக்குப் பழி?"

அண்ணை பனியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சொன்னா வேலையே வேண்டாம்னுடுவே. எனக்காக விட்டுட்டு, ஒரு நாள்கூட அதைச் சொல்லிக் காட்டவும் மாட்டே. அதை நெனச்சா இன்னும் பயமா இருந்தது."

பகிடி பண்ணிச் சிரிக்கலாம் என்று நின்ற நான், விலக்கிய விரிப்பை மடிக்கத் தொடங்கினேன். இந்த மனிதரை இவ்வளவு நாளும் வெறும் வரைபடக்காரர் என்றல்லவா நினைத்திருந்தேன்.

வேதவல்லி அரிசி மூட்டையில் ஒட்டிய பனியைத் தட்டினார். பிறகு, "வேலையை விடமாட்டேன்" என்றார். "நீங்க பாட்டுக்குப் பயந்துக்கிட்டு இருங்க. நான் போயிட்டு வந்துடறேன்."

அண்ணை தலையாட்டினார். கோட்டுப் பையிலிருந்து டேப்பை எடுத்து, கையுறையைக் கழற்றிவிட்டு, குனிந்து வயரில் சுற்றத் தொடங்கினார். டேப் இரண்டு தடவை கைநழுவி விழுந்தது. குளிர் என்றார். நாங்கள் இருவரும் அதை மறுக்கவில்லை.