சாமி டைல்ஸை யார் பெயர்ப்பது?

மந்தைவெளியில் எங்கள் ஃப்ளாட்டின் காம்பவுண்ட் சுவரில் போன மாதம் சாமி படம் போட்ட டைல்ஸ் ஒட்டினார்கள். பிள்ளையார், சிலுவை, பிறை எல்லாம் வரிசையாக. யாரும் அங்கே ஒன்றுக்குப் போகக்கூடாது என்பதற்காகத்தான்.

இன்று காலை செக்ரட்டரி பெருமையோடு சொன்னார். "ஒட்டினதுலேர்ந்து ஒருத்தன் வந்து நிக்கல. சாமி இல்லேன்னா இது எப்படி நடக்கும்?"

மாடி வீட்டு சேகர் பகுத்தறிவுவாதி. விடுவாரா?

"அது பயம் சார். சாமி இருக்குன்னு சொல்ற நீங்கதான் நிரூபிக்கணும்."

"இல்லேன்னு நீ நிரூபியேன்."

"ஈஸி. ஒரு வாரம் டைல்ஸை எடுத்துடுவோம். அப்பவும் எவனும் வரலேன்னா, காரணம் சாமி இல்ல."

செக்ரட்டரி தன் ஸ்கூட்டரிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து நீட்டினார். "எடு."

சேகர் வாங்கினார். பிள்ளையாரைப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"ஒட்டினவங்கதான் சார் எடுக்கணும். அதான் முறை."

எனக்கு அப்போதே சேகர் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

செக்ரட்டரியும் பெயர்க்கவில்லை. ஸ்க்ரூடிரைவரைச் சுவர் மேல் வைத்தார். அங்கே, டைல்ஸுக்கு நேர் மேலே, புத்தம் புது கேமரா.

"சாமிதான் பாத்துக்கறாரே, கேமரா எதுக்கு சார்?" என்று கேட்டேன்.

"எவனாவது போய்ட்டு, நான் போகலேன்னு சாதிச்சா? நமக்கு ஒரு ப்ரூஃப் வேணாமா?"

ஸ்க்ரூடிரைவர் இன்னும் சுவர் மேலேதான் இருக்கிறது. சாமி உண்டு, இல்லை என்கிற எந்தக் கட்சிக்காரர் வேண்டுமானாலும் வந்து பெயர்க்கலாம். கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது.