விதானையார் வெளியே வந்த மத்தியானம்

எழுபதுகளின் தொடக்கம். நான் கலியாணம் முடித்து மயிலிட்டியிலிருந்து இணுவிலுக்கு வந்து ஐந்தாறு வருடம் இருக்கும். கடல் இரைச்சலில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தோட்டக்காரர் ஊரின் இரவு அமைதி ஒத்துவரவில்லை. வந்த புதிதில் நித்திரையே வராது. கடைசியில் என் கணவர் கிணற்றடி வாழைகளுக்கு நடுவே ஒரு சின்னக் குளம் வெட்டி, சீமெந்து பூசித் தந்தார். அல்லி நட்டேன். முதல் மாரியிலேயே தவளைகள் குடிவந்துவிட்டன. அவை கத்தத் தொடங்கிய பிறகுதான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

என் நாலு வயது மகளுக்கும் அந்தக் குளம்தான் உலகம். அல்லியிலையில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு குந்தியிருக்கும் ஒரு பெரிய தவளைக்கு ‘விதானையார்’ என்று பெயர் வைத்திருந்தோம். எங்கள் ஊர்த் தலைமைக்காரரான விதானையாரும் அப்படித்தான், கூப்பிட்டால் இலேசில் எழும்பமாட்டார்.

எங்களோடு இருந்த மச்சாளுக்கு, அதாவது கணவரின் தமக்கைக்கு, குளத்தைக் கண்ணில் காட்டக்கூடாது. “தவளை இருந்தால் பாம்பு வரும். உந்தக் குளத்தை மூடும், மூடும் எண்டு எத்தினை தரம் சொல்லிப்போட்டன்” என்பார். பிள்ளை இல்லாத அவர் என் மகளில் உயிரையே வைத்திருந்தார். அந்தப் பயம்தான்.

அன்று பங்குனி வெயில் கொளுத்தியது. குளத்தில் தண்ணீர் வற்றியிருந்தது. கிணற்றடியில் புதிதாக ஒரு பெரிய தகரப்பேணி, யாரோ காலி டின்னுக்குக் கம்பியில் பிடி போட்டது, தண்ணீர் நிறைந்தபடி இருந்தது. வெளிநாட்டுச் சாமான் வராத காலம் அது. நல்ல பேணி ஒன்று கிடைத்தால் எறிய யாருக்கும் மனம் வராது. அந்தத் தண்ணீரைக் குளத்தில் ஊற்றினேன். கிணற்றடித் தொட்டியிலிருந்து இன்னும் கொஞ்சம் அள்ளி ஊற்றிவிட்டு, வாழை நிழலில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் விதானையார் கரையேறினார். அந்த வெயிலில் அவர் வெளியே வந்து நான் கண்டதே இல்லை. சுடுசீமெந்தில் ஒரு பாய்ச்சல் பாய்ந்து மல்லாக்க விழுந்தார். பின்னங்கால்கள் விறைத்து நடுங்கின. பின்னால் இன்னும் இரண்டு வந்து அப்படியே விழுந்தன. தவளைக் குஞ்சுகளான வாற்பேத்தைகள் வயிறு தெரிய மிதந்தன.

பேணியை எடுத்து மூக்கில் வைத்து மணந்து பார்த்தேன். சாம்பல் மணம்தான் வந்தது.

“மச்சாள், உது என்ன பேணி?” என்று கத்தினேன்.

குசினி அடுப்படியிலிருந்து பெருமையாகப் பதில் வந்தது. “மிளகாய்க்கு அடிச்ச பூச்சிமருந்துப் பேணி. சாம்பல் போட்டு நல்லாத் தேய்ச்சனான். புதுசு மாதிரி இல்லையோ? விடியக் குடிதண்ணிக் குடத்துக்கு அள்ளினதும் உந்தப் பேணியாலைதான்.”

பேணியைக் கீழே போட்டேன். “பிள்ளைக்குக் குடிக்க என்ன குடுத்தனீங்கள்?”

“இப்பதான் தேசிக்காய்த் தண்ணி கரைச்சுக் குடுத்தனான்...” சொல்லிக்கொண்டே வெளியே வந்தவர் தவளைகளைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டார்.

பிள்ளை குசினியில் இல்லை. விறாந்தையில் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், பதில் இல்லை. வீட்டைச் சுற்றி ஓடினேன். வேலியோரம், செவ்வரத்தை மரத்தடியில், முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தாள். கையில் இருந்த கோப்பை வெறுமையாக இருந்தது. அந்த வெறும் கோப்பையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

பிடித்து உலுக்கினேன். “குடிச்சனியோ? எவ்வளவு குடிச்சனி?”

அடி விழப்போகிறது என்று நினைத்தாள் போல, அழத் தொடங்கினாள். “புளிக்குது அம்மா. ஒரு வாய்தான். மிச்சத்தை மரத்துக்கு ஊத்திப்போட்டன்.”

சீனி கூப்பனுக்கு அளந்து கிடைத்த காலம் அது. மச்சாள் அன்று எலுமிச்சைத் தண்ணீருக்குச் சீனியைக் கிள்ளித்தான் போட்டிருக்கிறார்.

ஒரு வாயும் வாய்தானே. பக்கத்து வீட்டுக் காரில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். போகும் வழியெல்லாம் மச்சாள் பிள்ளையின் கால்களைத் தடவித் தடவிப் பார்த்தார். அவர் எதைத் தேடினார் என்பது எனக்குத் தெரியும். நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், கால் நடுங்குகிறதா என்று. டொக்டர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், பொழுதுபடும்வரை படுக்கவைத்துப் பார்த்தார், பிறகு கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். அந்தத் தண்ணீரில் எவ்வளவு நஞ்சு இருந்தது, முழுவதும் குடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும், எனக்கு இன்றும் தெரியாது.

மறுநாள் காலை நான் எழும்பியபோது பேணி இல்லை. மச்சாள் அதை நசுக்கி ஆழப் புதைத்திருந்தார். குளத்தை இறைத்து, கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார். கரையில் விதானையார் கிடந்த இடத்தில் நாலைந்து செவ்வரத்தம்பூ கிடந்தது. பிள்ளை இன்னும் எழும்பவில்லை.

ஐப்பசி மழையோடு புதுத் தவளைகள் வந்தன. அதன்பிறகு, உயிரோடு இருந்த காலம் முழுக்க, மச்சாள் காலையில் குளத்தை எட்டிப் பார்த்து ஒரு தவளையையாவது காணாமல் குடத்தில் தண்ணீர் நிரப்பியதில்லை.

மாரியில் தவளைச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று யாராவது அலுத்துக்கொள்வதுண்டு. எனக்கு அது, தண்ணீர் நல்லாயிருக்கிறது, பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்று யாரோ இருட்டுக்குள் நின்று சொல்வதுபோல்தான் இன்றும் கேட்கிறது.