குறிப்பேட்டில் ஏறாத குறிப்பு

எங்கள் கணினிப் பயனாளர் மன்றத்தின் மறைந்த செயலாளரைப் பற்றி எழுதத் தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் கண்டதும், இருவர் தனித்தனியே கூறி ஒன்றோடொன்று பொருந்தியதும் மட்டுமே இங்கே இடம்பெறும். ஒருவர் சொல் மட்டுமே ஆதாரமாக உள்ள இடத்தில் அதை மறைக்காமல் குறிப்பேன். இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. அவருக்காக நடந்த இரங்கல் கூட்டத்தில் பேசிய ஒருவர், வெள்ளத்தன்று அவர் கழுத்தளவு நீரில் தலைமேல் பெட்டியைச் சுமந்து நடந்து எல்லாருடைய கோப்புகளையும் காப்பாற்றினார் என்றார். அடுத்துப் பேசியவர் அதை இன்னும் சற்றுப் பெருக்கினார். எண்ணூரில் கழிமுகத்தை ஒட்டிய தெருவில் இருக்கும் செயலாளர் வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். சுவரில் படிந்த வெள்ளக் கறை என் முழங்காலுக்கு மேலே இல்லை. நடந்ததை நடந்தவாறு எழுதுவதே அவருக்குச் செய்யும் மரியாதை என்று எண்ணுகிறேன். ஏனெனில் அவர் வகுத்த முறையே அதுதான்.

அந்த முறை இப்போது என் மேசைமேல் இருக்கும் நீளமான குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது. திருவொற்றியூர் கடைத்தெருவில், தென்மாவட்டத்திலிருந்து வந்து மளிகை மொத்த வணிகம் செய்யும் ஒருவர் தம் கடையின் மாடி அறையை எங்களுக்குக் கொடுத்திருந்தார். அவரை அனைவரும் அண்ணாச்சி என்போம். ஞாயிற்றுக்கிழமை காலையில், செயலாளர் தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து சேர்ந்ததும் கூட்டம் தொடங்கும். அவர் துறைமுகத்தில் ஒரு சரக்கு முகவர் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்ற பெண்மணி. தட்டச்சுப் பொறியை எடுத்துவிட்டுக் கணினியை மேசைமேல் வைத்த நாளில், சொல்லித்தர யாருமின்றித் தாமே கற்றுக்கொண்டதாகக் கூறுவார். நான் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். குறிப்பேட்டை எழுதும் பொறுப்பு என்னுடையது.

உறுப்பினர் ஒருவர் ஒரு செய்முறையைக் கொண்டுவந்தால் அதை உடனே எழுதிவிட முடியாது. “ரெண்டு பேரு, ரெண்டு மிஷின், எல்லார் கண்ணு முன்னால” என்பார் செயலாளர். இருவர் இரண்டு கணினிகளில் அனைவர் முன்னிலையிலும் செய்து காட்டி, இரண்டிலும் பலித்தால்தான் அது குறிப்பேட்டில் ஏறும். அருகே இருவரும் கையொப்பமிட வேண்டும். எங்கள் பகுதியில் கணினிகள் மற்ற ஊர்களில் உள்ளவைபோல் நெடுநாள் உழைப்பதில்லை. கடற்காற்றின் உப்பு ஒரு பக்கம், அனல்மின் நிலையத்துச் சாம்பல் மறுபக்கம். மூடியைக் கழற்றினால் மின்விசிறியின் இதழ்களில் சாம்பல் பஞ்சுபோல் படிந்திருக்கும். அதை வாயால் ஊதக் கூடாது, எச்சில் ஈரம் பட்டால் சாம்பல் இறுகிவிடும். உலர்ந்த தூரிகையால் துடைக்க வேண்டும். துடைக்கும்போது விசிறி சுழலாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். பயன்படுத்தாத கணினியையும் வாரம் ஒருமுறை அரைமணி நேரம் இயக்கி வைத்தால் அதன் சூட்டில் உள்ளிருக்கும் ஈரம் காயும். இவை எல்லாம் இரண்டு கையொப்பங்களுடன் உள்ளன. பலிக்காதவையும் உள்ளன. நனைந்த கருவியை அரிசியில் புதைத்தால் சரியாகும் என்று ஊரெல்லாம் நம்பிய காலத்தில், பழைய கைப்பேசிகள் இரண்டை நனைத்து, ஒன்றை அண்ணாச்சி கடை அரிசியிலும் மற்றொன்றை வெறுமனே காற்றிலும் வைத்துப் பார்த்தோம். இரண்டும் ஒரே நாளில் உயிர்பெற்றன. அரிசியில் இருந்ததன் துளைகளில் மாவு அடைத்துக்கொண்டதுதான் வேறுபாடு. “என் அரிசிய ஏன்யா கெடுத்தீய, காத்து சும்மாதான கெடக்கு” என்று அண்ணாச்சி நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

குறிப்பேட்டில் சோதிக்கப்படாமல் ஏறிய குறிப்பு ஒன்றே ஒன்று. அதைச் செயலாளரே எழுதச் சொன்னார்: முக்கியமான கோப்புக்கு மூன்று படிகள், அதாவது நகல்கள், வேண்டும்; அவற்றுள் ஒன்று வேறு வீட்டில் இருக்க வேண்டும். இதை எப்படிச் சோதிப்பது என்று நான் கேட்டேன். “ஒரு வூட்ட கொளுத்திப் பாக்கலாமா சார்? உங்க வூடு எப்படி?” என்றார் அவர். எழுதிவிட்டேன்.

எங்கள் உறுப்பினர்கள் இந்தக் குறிப்பை மிகுந்த பணிவோடு பின்பற்றினார்கள். தவறு அங்கேதான் நேர்ந்தது. வேறு வீடு என்றவுடன் உறவினர் வீடு எல்லார்க்கும் நினைவுக்கு வந்தது. உறவினர் கோப்பைத் திறந்து பார்த்துவிடுவாரே என்ற அச்சமும் உடனே வந்தது. எவருடைய கோப்பையும் திறக்காத ஒருவர் வீடு வேண்டுமென்று ஒவ்வொருவரும் தனித்தனியே சிந்தித்து, ஒவ்வொருவரும் செயலாளரிடமே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பென் டிரைவை நான் குறிப்பேட்டில் ‘விரலி’ என்றே எழுதுவேன். அப்படி அவரிடம் சேர்ந்த விரலிகள் ஒரு பிஸ்கட் டப்பாவை நிறைத்தன. அறிவுள்ள பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் எல்லாவற்றையும் குவித்துவிட்டோம் என்பது, நான் உட்பட, எவர் கண்ணிலும் படவில்லை.

அவர்களுள் ஒருவர் படகுக்காரர். திருவொற்றியூர் குப்பத்தில் பைபர் படகு வைத்திருந்தவர். கடலுக்கடியில் பாறையும் பவளமும் இருக்கும் இடங்களைப் ‘பாரு’ என்பார்கள். மீன் அங்கேதான் தங்கும். அவர் தம் வாழ்நாளில் தேடிக் கண்ட பாருகளின் இருப்பிடங்களைப் படகில் இருந்த ஜிபிஎஸ் கருவியில் எண்களாகச் சேர்த்து வைத்திருந்தார். அந்த எண்கள் அடுத்த படகுக்குத் தெரிந்தால் அந்த மீன் அவருடையதாக இராது. கருவியை உப்புக்காற்று எந்த நாளிலும் தின்றுவிடும் என்பதால்தான் அவர் மன்றத்துக்கே வந்தார். யாரும் வராத வார நாள்களில் மாடி அறையில் தனியே அமர்ந்து, ஒற்றை விரலால், பல வாரங்கள் அந்த எண்களைத் தட்டினார். கணினியில் சேமிக்காமல் விரலியில் மட்டும் சேமித்தார். நான் எழுதியிருந்த சொல்லைப் பார்த்துவிட்டு, “இன்னா வாத்யாரே, வெரலின்னா மஞ்சளாச்சே. கொயம்புல போடறதா, கம்ப்யூட்டர்ல சொருவறதா?” என்றார். “ரெண்டும் நம்ம கடையில கெடைக்கும்வே” என்றார் அண்ணாச்சி.

மூன்றாவது படியை வீட்டுக் கணினியில் வைக்கச் செயலாளர் சொன்னபோது படகுக்காரர் ஒப்பவில்லை. “வூட்ல மாப்ள கீறான். அவனாண்டயும் ஒரு போட்டு கீது. நாளைக்கே என் பாருல வந்து வல போடுவான்” என்றார். ஆகவே படகில் ஒன்று, செயலாளரிடம் ஒன்று, ஆக இரண்டுதான். “யம்மா, இத்த நீ கூட தொறக்கக் கூடாது. மத்ததுங்களோட போட்டு வெக்காத, தனியா வையி” என்று கூறி விரலியைக் கொடுத்தார். “தொறக்க மாட்டேன்” என்று செயலாளர் சொன்னார். அப்போது நானும் அண்ணாச்சியும் அருகில் இருந்தோம்.

பின்னர் புயற்காற்றோடு வெள்ளம் வந்தது. பகலில், மெதுவாக, வாசற்படி வழியே ஏறியது என்று செயலாளரின் மாடிவீட்டுக்காரரும் எதிர்வீட்டுக்காரரும் சொல்கிறார்கள். பிஸ்கட் டப்பாவை அவர் மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அதனால் அதில் இருந்தவை அனைத்தும் தப்பின. படகுக்காரரின் விரலி, அவர் கேட்டுக்கொண்டபடியே, தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் தனியாக இருந்தது. அது மூழ்கியது. அதே காற்றில் குப்பத்தில் கயிறறுந்த படகு கருங்கல் கொட்டிய கரையில் மோதி உடைந்தது. ஜிபிஎஸ் கருவி கிடைக்கவில்லை. படகைப் பழுது பார்த்துவிடலாம். எங்கே போய் வலை இறக்குவது என்பது மட்டும் இப்போது நீரில் ஊறிய அந்தச் சிறு பொருளுக்குள் இருந்தது, அல்லது இல்லாமற்போயிருந்தது.

தண்ணீர் வடிந்த பின்வந்த ஞாயிற்றுக்கிழமை, செயலாளர் எடுத்துவந்த விரலியைப் படகுக்காரர் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “இன்னா ஆவப் போது? சொருவிப் பாத்துடலாம். கீதா இல்லியான்னு தெரிஞ்சிரும்ல?” என்றார். செயலாளர் கொடுக்கச் சொல்லிக் கை நீட்டினார்.

“ஈரத்தோட சொருவினா இருக்கறதும் பூடும். ஒரு வாரம் பொறுங்க.”

“ஒரு வாரமா? நீ பொறுப்பம்மா. உன் வூட்டு அடுப்பு எரியுது.”

“என் வூட்டு அடுப்பு தண்ணில கெடக்குது” என்றார் செயலாளர். படகுக்காரர் விரலியை அவர் கையில் வைத்தார்.

சேறும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்த நீர் அது. செயலாளர் விரலியின் உறையைப் பிரித்து, பேட்டரிக்கு ஊற்றும் உப்பில்லாத தண்ணீரில் இருமுறை அலசி, மென்மையான பல்துலக்கியால் தேய்த்து, வெயில் படாத இடத்தில் காகிதத்தின்மேல் உலர வைத்தார். அந்த வாரம் படகுக்காரர் பங்காளி ஒருவரின் படகில் கூலிக்குப் போனார். இரண்டு நாள் போய்விட்டு நின்றுவிட்டார். தமக்குத் தெரிந்த பாருகளின் மேலேயே, அவை எங்கே என்று அறியாதவர்களோடு, சும்மா கடந்துபோவதாகத் தோன்றியது என்று அண்ணாச்சியிடமும் என்னிடமும் வெவ்வேறு நாளில் கூறினார். பாருகளின் அடையாளம் ஒன்றிரண்டு நினைவில் இருந்தது. அதை வைத்து ஆண்டை ஓட்ட முடியாது.

அடுத்த ஞாயிறு ஒன்பது பேர் வந்திருந்தோம். போனால் போகட்டும் என்று மன்றத்தின் மிகப் பழைய கணினியைச் செயலாளர் தேர்ந்தெடுத்தார். எதையும் எல்லார் கண்முன்னும் செய்வதே எங்கள் வழக்கம் என்பதால் நாற்காலிகளை இழுத்துக்கொண்டு திரையைச் சூழ்ந்தோம். படகுக்காரர் திரைக்குமுன் கைகளை விரித்து நின்றார்.

“அல்லாரும் அந்தாண்ட திரும்புங்கப்பா.”

“எதுக்குவே? நாங்க என்ன தோணியா ஓட்டப் போறோம்?” என்றார் அண்ணாச்சி.

“நீ ஓட்ட மாட்ட அண்ணாச்சி. உன் கடையில மீன்காரன் நாலு பேரு குந்தினு பேசுவான்ல? திரும்பு.”

திரும்பினோம். சுவரைப் பார்த்தபடி ஏழு பேர் அமர்ந்திருந்தோம். அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். கணினி விசிறியின் இரைச்சல் கேட்டது. விரலியைச் சொருகும் ஓசை கேட்டது. எடுத்து மீண்டும் சொருகும் ஓசை கேட்டது. செயலாளரின் கைப்பை திறக்கும் ஓசையையும் நான் கேட்டேன்; மூக்குக்கண்ணாடிக்காக என்று நினைத்தேன். பிறகு, ஒரு மன்றாட்டு சொல்லி முடிக்கும் நேரத்துக்கு ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் படகுக்காரரின் குரல், வழக்கத்தைவிடத் தாழ்ந்து:

“கீது. அல்லாம் கீது.”

எல்லாரும் கைதட்டினோம். அண்ணாச்சி கீழே ஆளனுப்பிக் கலர் சோடா வாங்கிவரச் சொன்னார். நான் குறிப்பேட்டைத் திறந்து, அலசி உலர்த்தும் முறையை எழுதத் தொடங்கினேன். செயலாளர் என் பேனாவின்மேல் கை வைத்தார். “அத எழுதாதீங்க சார்” என்றார். ஒரே ஒரு கணினிதானே, அதையும் நாம் பார்க்கவில்லையே, முறைப்படி ஏறாதுதான் என்று நானே காரணம் கற்பித்துக்கொண்டேன். முறைக்கு அவர் தரும் மதிப்பை மனத்துக்குள் பாராட்டவும் செய்தேன். அரைவரியோடு நின்ற அந்தப் பக்கம் அப்படியே இருக்கிறது. அடுத்த மாதம் அவர் செயலாளர் பொறுப்பிலிருந்து விலகினார். வயதாகிவிட்டது என்றார். பிறருடைய விரலிகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இனி எழுதுவதற்கு ஒருவர் சொல்லே ஆதாரம். இரங்கல் கூட்டம் முடிந்து, கழுத்தளவு நீர்க் கதையைக் கேட்டுவிட்டு வெளியே வந்த படகுக்காரர் என்னை ஓரமாக அழைத்தார். அவர் இப்போது கடலுக்குப் போவதில்லை. படகும் பாருகளும் மருமகனிடம் இருக்கின்றன. அதனால் சொல்வதில் தடையில்லை, எழுதுவதிலும் தடையில்லை என்றார்.

“அன்னிக்கி அது தொறக்கல வாத்யாரே. ரெண்டு தபா சொருவிச்சி. ஒண்ணும் வர்ல. நான் அப்டியே குந்திட்டேன். அந்தம்மா பைலேர்ந்து ஒரு பேப்பர எட்த்து வெச்சிச்சி. பார்த்தா அல்லாம் என் நம்பரு. கையால எய்திகீது. தொறக்க மாட்டேன்னு சொல்லிச்சே, அல்லாத்தையும் தொறந்து பாத்து, ஒண்ணு வுடாம எய்தி வெச்சிகீது.”

கோபம் வரவில்லையா என்று கேட்டேன்.

“வராமயா? கத்தலாம்னு வாய தொறந்தேன். மொத வரிய பாத்தேன், நம்ம பெரிய பாரு அது. வாய் தானா மூடிகிச்சி. அந்தம்மா என் மூஞ்சிய பாக்கல, கீபோர்ட பாத்துகினு கீது. நான் இன்னா பண்றது? அல்லாம் கீதுன்னேன். பொய் இல்லியே அது.” தொடர்ந்து, “என்னாண்ட கேக்காம எய்திச்சி பாரு, அது தப்புதான். இன்னிக்கி கேட்டாலும் தப்புன்னுதான் சொல்வேன். அத்தோட அதுக்கப்பறம் நானும் ஒரு வார்த்த கேக்கல, அந்தம்மாவும் சொல்லல” என்றார்.

நான் சரிபார்க்க முடிந்தவற்றைச் சரிபார்த்தேன். அந்த விரலியைப் படகுக்காரர் இன்னும் வைத்திருந்தார். அண்ணாச்சியும் நானும் இரண்டு கணினிகளில் அதைச் சோதித்தோம், திறக்கவில்லை. இன்று திறக்கவில்லை என்பதற்குத்தான் அது சான்று. தாளையும் காட்டினார். நான்காக மடித்து மடித்து அதன் ஓரங்கள் நைந்திருந்தன. எண்களைப் படிக்காமல் கையெழுத்தை மட்டும் குறிப்பேட்டின் கையொப்பங்களோடு ஒப்பிட்டேன். செயலாளருடையதுதான்.

கொடுத்த வாக்கை அவர் மீறினார் என்பது இப்போது எனக்கு ஐயமற்றது. மீறியதைக் கொண்டு ஒருவரின் பிழைப்பைக் காத்தார் என்பதும் ஐயமற்றது. நனைந்த விரலி திறந்ததாக நாங்கள் அனைவரும் நம்பிய பின்னும், அது குறிப்பேட்டில் ஏறினால் நாளை யாரோ ஒருவர் அதை நம்பித் தம் கோப்பை இழப்பார் என்பதால் என் பேனாவை நிறுத்தினார் என்று கருதுகிறேன். இது என் கருத்து, சான்று இல்லை.

தெரியாதவை இவை. அவர் அந்த எண்களை எப்போது எழுதி வைத்தார் என்பது தெரியாது. வெள்ளத்தன்று அந்தத் தாள் வீட்டில் எங்கே இருந்தது, எப்படி நனையாமல் தப்பியது என்பது தெரியாது. தாள் கைவசம் இருக்கும்போதே, விரலியை அலசி உலர்த்தி ஒரு வாரம் காத்திருக்கச் செய்தார். அந்த ஏழு நாளும் அது திறந்துவிட வேண்டும், தாளை எடுக்கும் தேவை வராதிருக்க வேண்டும் என்று அவர் விரும்பினாரா என்பது எனக்குத் தெரியாது.