சி டிரைவில் இருந்த பதினேழு வருடங்கள்

பள்ளிபாளையத்தில் துண்டு ஏற்றுமதி செய்யும் அந்த ஆபீசில் மெயில் என்றால் ரஞ்சிதாதான். பதினேழு வருடமாக அப்படித்தான். துண்டு வாங்கும் வெளிநாட்டு பையர் ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபோல்டர். அதற்குள் ஆர்டர், நிற ஷேடு, சரக்கு கிளம்பிய தேதி என்று சின்ன ஃபோல்டர்கள். மெயில் வந்து விழும்போதே தன் இடத்துக்குத் தானாகப் போகும்படி செய்து வைத்திருந்தாள். முதலாளி அன்பரசு கேட்டு முடிப்பதற்குள் கேட்டது திரையில் நிற்கும். சர்வர் நிரம்பி வழிந்தபோது, கம்ப்யூட்டருக்கு இறக்கிய மெயில் அங்கே தங்காதபடி செட்டிங்கில் டிக் போட்டவளும் அவள்தான். அன்றைக்கு அவர் பாராட்டினார்.

ஆடி மாதம் கம்ப்யூட்டர் இழுத்துக்கொண்டு கிடந்தது. பாலம் தாண்டி ஈரோட்டிலிருந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் சமியுல்லா வந்தான்.

"அக்கா, சி டிரைவை முழுசா அழிக்கப் போறேன். அதுல ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"ஒண்ணுமில்லீங்க தம்பி. எல்லாம் டி-லதான் வெச்சிருக்கறேன்."

பில், போட்டோ, கடிதம் எல்லாம் டி-யில்தான் இருந்தன. மெயில் மட்டும் சி-யின் ஒரு மூலையில், கண்ணுக்குக் காட்டாத இடத்தில், ஒரே ஃபைலாகக் கிடந்தது. அவள் பிரித்துப் பிரித்து வைத்த அத்தனை ஃபோல்டரும் அதற்குள் இருந்தன. இது அவளுக்குத் தெரியாது. அவனும் தேடிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் மெயிலைத் திறந்தால், யாரோ புது ஆளிடம் கேட்பது போல அவள் பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்டது. உள்ளே ஒன்றுமில்லை. அவள் போட்ட டிக்கால் சர்வரிலும் மிச்சமில்லை. சமியுல்லா மூன்று நாள் மல்லாடினான். மெயிலோடு வந்திருந்த, பாதி வெட்டுப்பட்ட நான்கு போட்டோக்கள்தான் மீண்டன.

அடுத்த வாரமே டென்மார்க்கிலிருந்து புகார் வந்தது. நீலத் துண்டெல்லாம் கருத்துப் போயிருக்கிறது, இந்த ஷேடுக்கு நாங்கள் சம்மதிக்கவே இல்லை என்றார்கள். சம்மதித்திருந்தார்கள். இரண்டாவது ஷேடிலேயே ஓட்டுங்கள் என்று ஒற்றை வரி மெயில் எழுதிய பெண் இப்போது அந்தக் கம்பெனியில் இல்லை. சம்மதம் வராமலே ரஞ்சிதா தறிக்குச் சொல்லிவிட்டாள் என்று ஆபீசில் பேச்சு ஓடியது.

"வந்துச்சுங்கண்ணா. நாந்தான் படிச்சுச் சொன்னேன், நெனப்பில்லீங்களா?"

அன்பரசு அவளைப் பார்க்காமல் பேசினார். "நீ சொல்றதை நான் நம்பலாம். டென்மார்க்காரன் நம்போணுமில்ல? எனக்கே நெனப்பில்லையே."

மறுநாள் அவர் மருமகள் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மெயில் செட்டிங்கெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். ரஞ்சிதா நின்றபடியே எழுதினாள். உள்ளே வரும் சர்வர், வெளியே போகும் சர்வர், பாஸ்வேர்டு. கடைசியில், மெயில் ஃபைல் சி டிரைவில் இருக்கிறது, வாரம் ஒருமுறை வேறிடத்தில் நகல் எடுக்கவும் என்று எழுதி அடிக்கோடு போட்டாள்.

மருமகள் பாஸ்வேர்டை மட்டும் போனில் படம் பிடித்துக்கொண்டு, தாளை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜையின் காலுக்கு அடியில் செருகினாள்.