நரைத்த தேக்கு பெஞ்சு

குகட்பள்ளி வீட்டு மொட்டைமாடியில், வெயிலில் நரைத்துப்போன தேக்கு பெஞ்சை உப்புத்தாளால் தேய்த்தேன். சாம்பல் நிறம் உதிர்ந்து, உள்ளிருந்த தேன் நிறம் தெரிந்தது. போலாரம் வீட்டுத் தோட்டம் நினைவுக்கு வந்தது.

அங்கே இதே பெஞ்சை அப்பா கோடைதோறும் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூசுவார். ஒருநாள் நண்பர்கள் முன்னால், காபி கொண்டுவந்த அம்மாவின் நரைத்த தலையைக் காட்டினார்.

"மரம் நரைச்சா தேய்ச்சுப் புதுசாக்கலாம். இதை என்ன பண்றது?"

எல்லோரும் சிரித்து முடிக்கும்வரை அம்மா தட்டை நீட்டியபடி நின்றாள்.

இப்போது பக்கவாதத்தில் பேச்சிழந்த அப்பா, பெஞ்சருகே சக்கர நாற்காலியில் இருந்தார்.

"வெயில் ஏறுதும்மா. அப்பாவை உள்ள கூட்டிட்டுப் போகவா?"

"நக்கோ, வேண்டாம்," என்றாள் அம்மா. "பெஞ்சை மட்டும் நிழல்ல இழுத்துப் போடு."