ஸ்டெல்லா அக்காவின் பத்து ரூபாய் காயின்

ஸ்டெல்லா அக்கா இன்று மதியம் இறந்துவிட்டார்.

இதை எழுதுவது கார்த்தி இல்லை, அவனுடைய தங்கை. போன் அண்ணனுடையது, அக்கவுண்டும் அவனுடையது. அவனுக்கு இன்னும் விஷயம் தெரியாது... தயவுசெய்து இப்போது யாரும் இந்த நம்பருக்குக் கால் பண்ணாதீர்கள். அம்மா எழுந்துவிடுவார்.

நான்கு நாளாகக் காய்ச்சலாம். யூரின் இன்ஃபெக்ஷன் என்று சொன்னார்கள். சாயந்திரம் அக்காவின் தம்பி அண்ணனுடைய போனுக்குக் கூப்பிட்டபோது எடுத்தது அம்மா.

அம்மா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, போன் டிஸ்ப்ளே போய்விட்டது, ரிப்பேருக்குக் கொடுக்க வேண்டும் என்று அண்ணனிடம் சொன்னார். போனை என் ஸ்கூல் பையில் திணித்தார்.

"அவன் தாங்க மாட்டான்டி. வாயத் தொறந்த, பாத்துக்க."

அக்காவைத் தெரியாதவர்களுக்காக... சிதம்பரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். மாடியில் துணி எடுக்கப் போய் விழுந்ததில் முதுகுத் தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. வீல்சேர்தான். தண்டுவடக் காயத்துக்கு மருந்து கண்டுபிடிக்கும் ஆராய்ச்சிக்காக ஸ்கூல் ஸ்கூலாகப் போய் நிதி சேர்த்தார்.

கடலூரில் எங்கள் ஸ்கூலுக்கும் வந்தார். பேச்செல்லாம் இல்லை. ஆளுக்கொரு பத்து ரூபாய் காயினைப் பாதத்தின் மேல் வைத்துக்கொண்டு பெல் அடிக்கும் வரை உட்கார வேண்டும். விழுந்தால் டப்பாவில் போட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

முதலில் விழுந்தது எங்கள் ஹெச்.எம். சாருடைய காயின். கொசு கடித்துவிட்டது என்றார்.

"கொசு கடிச்சா தெரியிதா சார்? அப்போ நீங்க பெரிய பணக்காரரு. போடுங்க டப்பால."

பெல் அடித்தபோது பாதத்தில் காயின் இருந்தது அக்காவுக்கு மட்டும்தான்.

அன்றைக்குத்தான் அவரிடம் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். பக்கத்து வீட்டு சன்ஷேடில் கிடந்த கிரிக்கெட் பந்தை எடுக்க ஏறி விழுந்தவன். அவனுக்கும் அக்காவைப் போலவே இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. ஒரு வருஷமாக யாருடனும் சரியாகப் பேசாமல் படுத்திருந்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஆட்டோவில் வீட்டுக்கு வந்துவிட்டார். எங்கள் வாசலில் மூன்று படி. எதிர்வீட்டு மாமாக்கள் இரண்டு பேர் வீல்சேரோடு தூக்கினார்கள். "பாத்து மாமா, போன வாரந்தான் வெயிட்டு போட்டேன்" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

போகும்போது ஒரு காயினும் காலி பால் பவுடர் டப்பாவும் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தக் காயினை வைத்து நான் ஒரு தப்பு செய்தேன்.

ஒரு நாள் அண்ணன் பாதத்தில் அதை வைத்துவிட்டு ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்தேன். டங் என்று சத்தம். அவன் கால் தானாக அசைந்து காயின் கீழே விழுந்திருந்தது. நான் கத்திக்கொண்டு தெருவுக்கே ஓடினேன். அம்மா கற்பூரம் ஏற்றினார். அண்ணனை நடக்க வைத்தே சிதம்பரம் கோயிலுக்குக் கூட்டி வருவதாக வேண்டிக்கொண்டார். தெரு முழுக்கக் கேசரி கொடுத்தோம். அண்ணன் சிரித்தான். அவன் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

அக்காவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன். மறுபடியும் அண்ணனுடைய கால் வெட்டித் துடித்தது. அக்கா சிரிக்கவில்லை. போனை அண்ணனிடம் கொடுக்கச் சொன்னார்.

"கார்த்தி, இது ஸ்பாசம்டா. எனக்கும் வரும். கால் தானா துடிக்கிது, நீ அசைக்கல. இத மத்தவுங்க சொல்லி நீ கேக்கக் கூடாதுன்னு நான் சொல்றேன்."

அம்மா போனைப் பிடுங்கினார்.

"உன்னால நடக்க முடியலன்னா எம்புள்ளையும் நடக்கக் கூடாதா?"

அண்ணன் இரண்டு நாள் சுவர்ப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தான். மூன்றாவது நாள் அவனாகவே போனைக் கேட்டான்.

"அப்போ எதுக்குக்கா நிதி சேக்குறீங்க?"

"எனக்கு இல்லடா. உனக்கும் இல்லாம போலாம். ஆனா நாளைக்கும் எவனாவது பந்து எடுக்க சன்ஷேட்ல ஏறத்தான போறான்?"

அண்ணன் சிரித்துவிட்டான். அழுதுகொண்டேதான்... ஆனாலும் சிரித்தான்.

அதற்கப்புறம் அக்காவின் போஸ்டர் எல்லாம் அண்ணன் செய்ததுதான். நீங்கள் எல்லோரும் ஷேர் செய்தவை. திட்டக்குடி வரைக்கும் ஹெச்.எம்.களுக்கு அவனே போன் பண்ணித் தேதி வாங்குவான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை எட்டு மணிக்கு அக்கா கூப்பிடுவார். ஏழரைக்கே அவன் தலை வாரிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.

அம்மா அக்காவிடம் மன்னிப்பு கேட்டாரா என்று தெரியாது. சிதம்பரத்துக்கு யார் போனாலும் அக்காவுக்கென்று நெத்திலிக் கருவாடு கொடுத்துவிடுவார்.

நாளை ஞாயிற்றுக்கிழமை.

போன் ரிப்பேர் என்றால் என் போனில் போடச் சொல்வான். அப்பா போனில் போடச் சொல்வான். எத்தனை ஞாயிற்றுக்கிழமைக்கு நாங்கள் பொய் சொல்வது?

அம்மாவை நினைத்தால் பயமாக இருக்கிறது. அண்ணன் முகத்தை நினைத்தால் அதைவிடப் பயமாக இருக்கிறது. அம்மா ஐந்து மணிக்கு எழுந்துவிடுவார். அதற்கு முன்னால் அண்ணனை எழுப்பி, இதை நானே படித்துக் காட்டப் போகிறேன். மற்றவர்கள் சொல்லி அவன் கேட்கக் கூடாது.

அக்கா... இதை எழுத உட்கார்ந்தபோது உங்கள் காயினைப் பாதத்தில் வைத்துக்கொண்டேன். மூன்று தடவை விழுந்துவிட்டது.

மூன்று தடவைக்கும் முப்பது ரூபாய் டப்பாவில் போட்டுவிடுகிறேன். தூங்குங்க அக்கா.